ப்ளூஸ் இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க இசையில் எங்கே தோண்டினாலும், ராக், ஜாஸ், சோல், கன்ட்ரி எதுவானாலும், கொஞ்ச ஆழத்தில் ப்ளூஸ் தட்டுப்படும். அதனால் இந்தப் பக்கம் ப்ளூஸை நடுவில் வைத்துக்கொண்டு அதன் அக்கம்பக்கத்தையும் பார்க்கிறது. வாசிக்க விரும்புகிறவர்களுக்கான செய்முறைகள் நடுவில் வருகின்றன. கேட்க மட்டும் விரும்புகிறவர்கள் அவற்றைத் தாண்டிப் போகலாம். பன்னிரண்டு பார் பற்றிய பதிலை மட்டும் தாண்ட வேண்டாம். அது தெரியாமல் கேட்டால் பாதிதான் காதில் விழும்.

ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டுதானே?

மனச்சோர்வை நீல நிறத்தோடு சேர்த்துச் சொல்லும் பழைய ஆங்கில வழக்கிலிருந்து பெயர் வந்ததால் ஏற்பட்ட எண்ணம் இது. வெள்ளம் வந்தது, வேலை போனது, கட்டியவள் போய்விட்டாள் என்று பாட்டின் பொருள் பெரும்பாலும் கஷ்டம்தான். ஆனால் அது பாடப்பட்ட இடத்தைப் பாருங்கள். ஜூக் ஜாயின்ட் என்று அழைக்கப்பட்ட மரக்கொட்டகைகளில், சாராயமும் மீன் வறுவலும் சூதாட்டமுமாக, சனிக்கிழமை இரவு முழுக்க ஜனம் ஆடுவதற்காக வாசிக்கப்பட்ட இசை இது. கிண்டல், இரட்டை அர்த்தம், முதலாளியை மறைமுகமாகக் குத்துவது எல்லாம் உண்டு. சிலர் ஒப்பாரியோடு ஒப்பிடுவார்கள். அழுகையின் கமகங்கள் காதுக்கு ஒத்துப்போகலாம், நோக்கம் ஒத்துப்போகாது. ஒப்பாரிக்கு யாரும் எழுந்து ஆடுவதில்லை.

எங்கே, எப்போது தோன்றியது?

உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், அமெரிக்காவின் தென் மாநிலங்களில். அடிமை முறை சட்டப்படி ஒழிந்திருந்தது. விடுதலை பெற்றவர்கள் அதே பருத்திக் காடுகளில், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரமுறையில் பயிரிட்டு, விதைக்கும் உணவுக்கும் முதலாளியின் கடையிலேயே கடன் வைத்து, அறுவடை முடிந்ததும் கணக்கில் கையில் ஒன்றும் நிற்காமல் அடுத்த வருடத்துக்குப் போனார்கள். வயலில் தனி ஆளாக இழுத்துப் பாடும் கூவல், கும்பலாகப் பாடும் வேலைப்பாட்டு, தேவாலயப் பாட்டு ஆகிய மூன்றும் கித்தாரோடு சேர்ந்தபோது ப்ளூஸ் உருவானது.

மிசிசிப்பி டெல்டா என்பதை ஆறு கடலில் கலக்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அது லூசியானாவில் இருக்கிறது. ப்ளூஸ்காரர்கள் டெல்டா என்று சொல்வது மிசிசிப்பி, யாசூ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில், மெம்பிஸுக்குத் தெற்கிலிருந்து விக்ஸ்பர்க் வரை கிடக்கும் வண்டல் சமவெளியை. ஆரம்பகால ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டன் வாழ்ந்த டாக்கரி பண்ணை அங்கேதான். டெக்சஸின் கிழக்குப் பகுதியிலும் ஜார்ஜியா, கரோலினா பக்கங்களிலும் வேறு பாணிகள் வளர்ந்தன. டெல்டாதான் ஒரே தாய்வீடு என்பது மிகை.

காகிதத்தில் ஏறிய தேதிகள் தெளிவானவை. 1903 வாக்கில், டட்வைலர் என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியைக் கித்தார் கம்பிமேல் இழுத்து வாசித்ததைக் கேட்டதாக வாத்தியக் குழுத் தலைவர் டபிள்யூ. சி. ஹேண்டி எழுதியிருக்கிறார். 1912இல் ப்ளூஸ் என்று பெயரிட்ட இசைத்தாள்கள் அச்சாகின்றன. 1920 ஆகஸ்டில் பாடகி மேமி ஸ்மித் ஓகே என்ற நிறுவனத்துக்குப் பாடிய இசைத்தட்டு நன்றாக விற்ற பிறகுதான், கறுப்பினத்தவரும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பது நிறுவனங்களுக்கு உறைத்தது. ஒன்றைக் கவனியுங்கள்: முதல் நட்சத்திரங்கள் பெண்கள். மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் போன்றவர்கள் நாடக மேடையில் பியானோவும், ட்ரம்பெட் போன்ற கார்னெட்டும் சூழப் பாடினார்கள். மரத்தடியில் தனியாகக் கித்தாரோடு உட்கார்ந்திருக்கும் ஆண் என்ற படம் 1926இல் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனின் தட்டுகள் விற்ற பிறகு வந்தது.

இதில் ஆப்பிரிக்கா எவ்வளவு, ஐரோப்பா எவ்வளவு?

சதவீதம் போட முடியாது. ஆனால் எது எந்த வழியாக வந்தது என்று சொல்லலாம். 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முரசு கொட்டி ஆள் சேர்த்தார்கள். அடுத்த வருடமே முரசும் கொம்பும் சட்டப்படி தடை. பிறகு தாளம் கைதட்டலுக்கும் காலுக்கும் தொடையில் அடிப்பதற்கும் இடம் மாறியது. தந்தி வாத்தியங்களை முதலாளிகள் ஆபத்தாக நினைக்கவில்லை, அதனால் அவை பிழைத்தன. செனகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்களின் அகொன்டிங் போன்ற, சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திய வாத்தியங்களின் வழித்தோன்றல்தான் பான்ஜோ. அதன் குட்டைக் கம்பி, நம் வீணையின் பக்கக் கம்பிகளைப் போல, ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கும். இன்று பான்ஜோவைக் கண்டாலே மலைநாட்டு வெள்ளையர் நினைவு வருவது, 1830, 40களில் முகத்தில் கரி பூசி நடித்த வெள்ளையரின் மேடைகள் அதை எடுத்துக்கொண்டதன் விளைவு.

கார்டுகளும் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பவை) பார் கணக்கும் ஐரோப்பிய வழிபாட்டுப் பாட்டிலிருந்தும் வரவேற்பறைக் கித்தார் பாடத்திலிருந்தும் வந்தன. ஒருவர் பாட மற்றவர் பதில் சொல்வது, சுரத்தை வளைப்பது, ஒரே வரியைத் திரும்பச் சொல்லி ஏற்றுவது ஆப்பிரிக்க வழி. கித்தார் 1890களில் தபாலில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் இரண்டும் ஒரே மடியில் உட்கார்ந்துவிட்டன.

பன்னிரண்டு பார் என்றால் என்ன?

ஒரு பார் நான்கு அடி. பன்னிரண்டு பாருக்கு 48 அடி. ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு ஆறு ஆவர்த்தனம். அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஈ சுருதியில் கார்டுகள் இப்படி வரும்:

1 முதல் 4 வரை: ஈ, ஈ, ஈ, ஈ
5 முதல் 8 வரை: ஏ, ஏ, ஈ, ஈ
9 முதல் 12 வரை: பி, ஏ, ஈ, பி

சட்ஜமம், மத்யமம், பஞ்சமம் ஆகிய மூன்றின் மேல் நிற்கும் கார்டுகள் இவை. மூன்றையும் செவன்த் கார்டாக, அதாவது கைசிகி நிஷாதம் (தணிந்த நி) சேர்த்து வாசிப்பார்கள். ஐரோப்பிய இலக்கணத்தில் செவன்த் கார்டு வேறொன்றில் போய் இறங்கியாக வேண்டும். ப்ளூஸில் அது அப்படியே உட்கார்ந்திருக்கும்.

பாட்டு மூன்று வரி. முதல் வரி, அதே வரி மறுபடி, பிறகு பதில் வரி. தமிழில் ஒன்று கட்டினால் இப்படி இருக்கும்:

விடியும் முன்னே ரயில் ஏறிட்டா, ஒரு வார்த்தை சொல்லிக்கல
ஆமாப்பா, விடியும் முன்னே ரயில் ஏறிட்டா, ஒரு வார்த்தை சொல்லிக்கல
அவ மறந்துபோன செருப்பு ஒண்ணு வாசல்ல கிடந்து என்னப் பாத்துச் சிரிக்குது

ஒவ்வொரு வரிக்கும் நான்கு பார் இடம். ஆனால் குரல் இரண்டு, இரண்டரை பாருக்குள் முடிந்துவிட வேண்டும். மிச்சம் கித்தாருக்கோ மவுத் ஆர்கனுக்கோ. புதிதாகப் பாடுகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, நான்கு பாரையும் சொற்களால் நிரப்பிவிடுவது. பதில் சொல்ல இடம் இல்லாவிட்டால் அது ப்ளூஸ் இல்லை, வேகமாக ஒப்பித்த கவிதை. இரண்டாவது தப்பு 7, 8ஆம் பார்களில் நடக்கும். ஏழாவதில் ஈ கார்டுக்குத் திரும்பியதும் சுற்று முடிந்துவிட்டது என்று காது ஏமாறும். விரலில் எண்ணாமல், பாட்டின் இரண்டாம் வரி முடிந்ததா என்று பார்த்துக்கொண்டால் தவறாது.

நடை பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு அடிக்குள்ளும் திஸ்ரம் ஓடும்: த கி ட. அதில் கி ஒலிக்காது; த, ட இரண்டை மட்டும் அடித்தால் ஷஃபிள் கிடைக்கும். அடியைச் சரிபாதியாகப் பிரித்து வாசித்தால் கார்டுகள் எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு அணிவகுப்பு மாதிரி ஒலிக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு மறுப்பு. பழைய வித்வான்கள் பலர் பன்னிரண்டை மதிப்பதே இல்லை. ஜான் லீ ஹூக்கரும் லைட்னிங் ஹாப்கின்ஸும் சொல் முடிந்த இடத்தில் கார்டை மாற்றினார்கள். பதினொன்றரை பாரும் வரும், பதின்மூன்றும் வரும். மிசிசிப்பியின் வடக்கு மலைப்பகுதியில் ஃப்ரெட் மெக்டவல் போன்றவர்கள் ஒரே கார்டில் முழுப் பாட்டையும் ஓட்டினார்கள். பன்னிரண்டு பார் என்பது பலர் சேர்ந்து வாசிக்கும்போது மோதிக்கொள்ளாமல் இருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு.

இது எந்த ராகம்?

ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம். காகிதத்தில் சுத்த தன்யாசிதான். பிரதி மத்யமத்தைக் கடந்துபோகும் சுரமாகச் சேர்ப்பதும் உண்டு. ஆனால் சுத்த தன்யாசி பாடினால் ப்ளூஸ் வராது. இரண்டு காரணங்கள்.

முதலாவது, காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. சாதாரணத்துக்கும் (தணிந்த க) அந்தரத்துக்கும் (உயர்ந்த க) நடுவில், பாடகருக்குப் பாடகர், வரிக்கு வரி இடம் மாறும். ப்ளூ நோட் என்பது அந்த நடு இடம்தான். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது என்பதால் இரண்டு கட்டைகளையும் உரசி வாசித்து ஏமாற்றுவார்கள்.

இரண்டாவது, குரல் தணிந்த காந்தாரத்தைப் பிடித்திருக்கும் அதே நேரம் கித்தார் கார்டில் அந்தர காந்தாரம் ஒலித்துக்கொண்டிருக்கும். இந்த உரசல்தான் சுவை. நன்றாகப் பயிற்சி பெற்ற காதுகள் இதை அபசுரம் என்று திருத்தப் போய்க் கெடுக்கும். கர்நாடக இசை கற்றவர்களுக்கு இன்னொரு கஷ்டம்: கை தன்னால் காந்தாரத்தை அசைக்கும். இங்கே கீழிருந்து ஒருமுறை தள்ளி, சேர வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே விட்டுவிட வேண்டும். தொடர்ந்து அசைக்கக் கூடாது.

ஸ்லைடு கித்தார் வாசிக்க என்ன தேவை? ஏன் கடகடவென்று சத்தம் வருகிறது?

ஸ்லைடு என்பது விரலில் மாட்டும் கண்ணாடி அல்லது பித்தளைக் குழாய். முன்பு பாட்டில் கழுத்தை வெட்டி மாட்டினார்கள். அந்த வேலை வேண்டாம், கடையில் வாங்குங்கள். சுண்டுவிரலில் மாட்டினால் மற்ற மூன்று விரலும் ஃப்ரெட் (கித்தார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பிடிக்கக் கிடைக்கும். விரலில் ஆடாமல் நிற்க வேண்டும். நீளம் சுமார் 6 செ.மீ. இருந்தால் ஆறு கம்பிகளையும் மூடலாம்.

கடகட சத்தத்துக்குக் காரணம் கம்பி தாழ்வாக இருப்பது, அல்லது நீங்கள் அழுத்துவது. 12ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 2.5 முதல் 3 மி.மீ. இருக்கட்டும், முதல் கம்பி 0.013 அங்குலத் தடிப்பு கொண்ட செட் போடுங்கள். மெல்லிய கம்பி ஸ்லைடின் எடைக்கே தொய்ந்து ஃப்ரெட்டில் மோதும். ஸ்லைடு கம்பியைத் தொட்டால் போதும், அழுத்தக் கூடாது.

சுருதி விலகுவதற்குக் காரணம் வேறு. விரலால் வாசிக்கும்போது ஃப்ரெட்டுக்குப் பின்னால் அழுத்துகிறோம். கம்பியை நிறுத்துவது ஃப்ரெட் உலோகம். ஸ்லைடில் கம்பியை நிறுத்துவது ஸ்லைடேதான். எனவே அது ஃப்ரெட் உலோகத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும். பழக்கதோஷத்தில் பின்னால் வைத்தால் எல்லாமே தணிந்து ஒலிக்கும். ஸ்லைடுக்குப் பின்னால், நட் (கழுத்தின் மேல்முனைப் பட்டை) பக்கம் மிஞ்சும் கம்பியும் சேர்ந்து அதிர்ந்து ஊளையிடும். ஆள்காட்டி விரலையோ நடுவிரலையோ அதன்மேல் லேசாகப் படுக்க வையுங்கள். வேண்டாத கம்பிகளை வலது கையால் அணைக்க வேண்டும். சுத்தமான ஸ்லைடு வாசிப்பில் பாதி வேலை ஒலியை அடக்குவதுதான்.

சுருதி கூட்ட இரண்டு முறைகள் போதும். தடித்த 6ஆம் கம்பியிலிருந்து சொல்கிறோம்.

ஓப்பன் ஜி, பழைய பெயர் ஸ்பானிஷ்: டி, ஜி, டி, ஜி, பி, டி. சாதாரண சுருதியிலிருந்து 6, 5, 1ஆம் கம்பிகளைத் தலா ஒரு முழு சுரம் இறக்கினால் போதும். இதில் சட்ஜமம் ஐந்தாம் கம்பியில் இருக்கிறது. ஆறாவதையும் சேர்த்து அடித்தால் கார்டு கலங்கிப்போகும்.

ஓப்பன் டி, பழைய பெயர் வெஸ்டபோல்: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. 6, 2, 1ஆம் கம்பிகளை முழு சுரமும் 3ஆம் கம்பியை அரை சுரமும் இறக்க வேண்டும்.

இரண்டிலும் வெறும் கம்பிகளை மீட்டினால் முதல் கார்டு. 5ஆம் ஃப்ரெட்டில் ஸ்லைடை நேராக வைத்தால் மத்யமக் கார்டு, 7இல் பஞ்சமக் கார்டு, 12இல் மேல் சட்ஜமக் கார்டு. பன்னிரண்டு பாருக்கு இதுவே போதும். ஓப்பன் ஈ வேண்டுமென்று கம்பிகளை ஏற்றாதீர்கள். அறுந்துபோகும், கழுத்தும் இழுபடும். ஓப்பன் டி வைத்து இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டினால் அதே சுருதி. அந்தப் பழைய பெயர்கள் 19ஆம் நூற்றாண்டில் வீடுகளில் பயின்ற இரண்டு கித்தார் உருப்படிகளிலிருந்து வந்தவை. செவஸ்தபோல் முற்றுகையைப் பற்றிய ஒன்று வாய்வழக்கில் வெஸ்டபோல் ஆகிவிட்டது.

கித்தார் இல்லாமல் ஸ்லைடு பழக முடியுமா?

முடியும். டெல்டாவின் பிள்ளைகள் அப்படித்தான் தொடங்கினார்கள். துடைப்பத்தைக் கட்டிய கம்பியை அவிழ்த்து, வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிக்கு இடையில் கட்டி, அடியில் பாட்டிலைச் சொருகி இறுக்குவார்கள். டிட்லி போ என்று பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பிள்ளைகள் வாசிக்கும் ஒற்றைத் தந்தி வாத்தியங்களின் உறவு.

பலகையில் செய்யும் வழி: 90 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், குறைந்தது 2 செ.மீ. கனம் உள்ள மரச்சட்டம். அதைவிட மெல்லியது வளையும், வளைந்தால் சுருதி நிற்காது. ஒரு முனையில் திருகாணி. கித்தாரின் மூன்றாம் கம்பிக்கான வெறும் எஃகுக் கம்பியின் குண்டு முனையை அதில் மாட்டுங்கள். மறு முனையில் பழைய கித்தார் முறுக்காணி ஒன்று. இரு பக்கமும் கம்பிக்கு அடியில் தாங்கல்: ஒன்று கனமான போல்ட், மற்றது சின்னக் கண்ணாடி பாட்டில். இரண்டுக்கும் இடையில் சரியாக 60 செ.மீ. இருக்கட்டும். ஜி சுரம் வரை மெதுவாக முறுக்குங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. கம்பி தெறித்தால் கண்ணுக்குத்தான் ஆபத்து.

இப்போது போல்ட் பக்கத்திலிருந்து அளந்து பென்சிலால் கோடு போடுங்கள். 10 செ.மீ.இல் சாதாரண காந்தாரம், 12இல் அந்தர காந்தாரம், 15இல் மத்யமம், 20இல் பஞ்சமம், சுமார் 26இல் கைசிகி நிஷாதம், 30இல் மேல் சட்ஜமம். வலது கையால் பாட்டில் பக்கத்தில் மீட்டி, இடது கையில் இன்னொரு பாட்டிலை நகர்த்துங்கள். 10க்கும் 12க்கும் நடுவே உள்ள இரண்டு சென்டிமீட்டர்தான் மேலே சொன்ன ப்ளூ நோட்டின் வீடு. ஒலி போதவில்லையென்றால் பலகையின் பாட்டில் முனையைத் தகர டப்பாவின் மேல் வையுங்கள்.

மவுத் ஆர்கன் எந்தச் சுருதியில் வாங்குவது?

24 துளை ட்ரெமலோ வகையை வாங்கிவிட்டு, சுரம் வளையவில்லை என்று வருந்துவோர் உண்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு உலோக நாக்குகள் சேர்ந்து அதிரும் அமைப்பு அது, ப்ளூஸுக்கு வளையாது. தேவை 10 துளை, 20 நாக்கு உள்ள டயடானிக். முதலில் சி சுருதி ஒன்று போதும்.

அதில் சி பாட்டை வாசிக்க மாட்டார்கள். ஜி பாட்டை வாசிப்பார்கள். ஊதுவதை விட்டு உறிஞ்சும் பக்கத்தை ஆதாரமாக்கினால் ப்ளூஸுக்கு வேண்டிய சுரங்கள் கைக்கு வரும். கணக்கு எளிது: பாட்டின் சட்ஜமத்துக்கு மத்யமம் எதுவோ அந்தச் சுருதி மவுத் ஆர்கனை எடுங்கள். ஈ பாட்டுக்கு ஏ, ஏ பாட்டுக்கு டி.

உறிஞ்சும்போது 1, 4, 6ஆம் துளைகள் அரை சுரமும், 2 ஒரு சுரமும், 3 ஒன்றரை சுரமும் கீழே வளையும். ஒரே துளையில் உள்ள ஊதும் நாக்கும் உறிஞ்சும் நாக்கும் சேர்ந்து வேலை செய்வதால், அவை இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுதான் வளையும். மூன்றாம் துளையில் இடம் அதிகம், காந்தாரமும் அங்கேதான். ப்ளூஸ் மவுத் ஆர்கனின் அழுகை முழுக்க அந்த ஒரு துளையைச் சுற்றி நடக்கிறது. வளைக்க வேண்டியது உங்கள் வாயின் நாக்குப் பின்பகுதியைத் தாழ்த்தி, வாய்க்குள் இடத்தைப் பெரிதாக்கி. பலமாக உறிஞ்சினால் சுரம் வளையாது, சில வாரங்களில் உலோக நாக்கு களைத்துச் சுருதி இறங்கிவிடும்.

ராபர்ட் ஜான்சன் நாற்சந்தியில் பிசாசுக்கு ஆன்மாவை விற்றாரா?

டெல்டாவின் கித்தார் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டாலஸிலும் 29 பாட்டுகள் பதிவு செய்தார். 1938 ஆகஸ்ட் 16 அன்று, மிசிசிப்பியின் கிரீன்வுட் அருகே, 27 வயதில் இறந்தார். இறப்புச் சான்றிதழில் காரணம் எழுதும் இடத்தில் மருத்துவர் இல்லை என்றே இருக்கிறது. விஷம் வைத்தார்கள் என்பது வாய்வழிக் கதை.

பிசாசுக் கதை முதலில் வேறொருவருடையது. டாமி ஜான்சன் என்ற, உறவில்லாத இன்னொரு பாடகரைப் பற்றி அவர் அண்ணன் சொன்ன கதை, பெயர் ஒற்றுமையால் ராபர்ட்டிடம் வந்து ஒட்டிக்கொண்டது. மூத்த ப்ளூஸ் பாடகர் சன் ஹவுஸ் நினைவுகூர்ந்தபடி, இளைஞன் ராபர்ட் கித்தாரைத் தொட்டாலே சுற்றி இருந்தவர்கள் எரிச்சலடைவார்கள். ஊரைவிட்டுப் போய்த் திரும்பி வந்தபோது அசத்தினான். இடையில் நடந்தது ஐக் ஸிம்மர்மன் என்பவரிடம் பயிற்சி. ராத்திரியில் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கக் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து சாதகம் செய்தார்கள். பிசாசைவிட இது நம்பத்தக்கது, சாதகத்துக்கு உரிய மரியாதையும் கிடைக்கிறது. கிளார்க்ஸ்டேலில் 61, 49ஆம் நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் நிற்கும் கித்தார் அடையாளம் சுற்றுலாவுக்கானது.

பழைய பாட்டுகள் ஏன் எல்லாமே மூன்று நிமிடம்?

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு அவ்வளவுதான் கொள்ளும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு பன்னிரண்டு பார் சுற்று 24 விநாடி. மூன்று நிமிடத்துக்கு ஏழு சரணம் வரும். ஜூக் ஜாயின்டில் அதே பாட்டு அரை மணி நேரம் ஓடியிருக்கும். பேட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் ஆகியோரைப் பதிவு செய்த பாரமவுண்ட், விஸ்கான்சினில் நாற்காலி செய்த நிறுவனத்தின் கிளை. கிராமபோன் பெட்டி விற்றவர்கள், அதில் போடத் தட்டும் விற்றார்கள். மலிவான கலவையில் அச்சிட்டதால் அந்தத் தட்டுகள் புதிதாகவே இரைச்சலோடு பிறந்தன.

ப்ளூஸ் கறுப்பருடையது, கன்ட்ரி வெள்ளையருடையது என்பது சரிதானா?

விற்பனைப் பட்டியலில் சரி. கறுப்பர் பாடியதை ரேஸ் ரெகார்ட்ஸ் என்றும், தென்மாநில வெள்ளையர் பாடியதை ஹில்பில்லி என்றும் 1920களில் நிறுவனங்கள் தனித்தனி எண் வரிசையில் போட்டன. வாசித்தவர்கள் அந்தக் கோட்டுக்குள் இருக்கவில்லை. மிசிசிப்பி ஷீக்ஸ் என்ற கறுப்பர் குழு ஃபிடிலோடு வெள்ளையர் நடனங்களுக்கும் வாசித்தது. 1927இல் பிரிஸ்டல் நகரில் ரால்ஃப் பியர் நடத்திய பதிவில் அறிமுகமான கார்ட்டர் குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர், மலை கிராமங்களில் பாட்டுச் சேகரிக்கப் போனபோது கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்புக் கித்தார்காரர். சொற்களைக் கார்ட்டர் எழுதிக்கொள்வார், மெட்டு ரிடிலின் மனதில் தங்கும். தட்டில் ரிடில் பெயர் இல்லை. அதே பிரிஸ்டலில் அறிமுகமான ஜிம்மி ராட்ஜர்ஸ் பன்னிரண்டு பார் ப்ளூஸைத்தான், குரலைத் தாவவிடும் யோடல் சேர்த்துப் பாடினார். 1930இல் அவரது தட்டு ஒன்றில் ட்ரம்பெட் ஊதியவர் லூயி ஆம்ஸ்ட்ராங். கன்ட்ரியின் தலைமை மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியின் தொடக்க கால நட்சத்திரங்களில் ஒருவர் மவுத் ஆர்கன் கலைஞர் டிஃபோர்ட் பெய்லி, கறுப்பர், 1941இல் நீக்கப்பட்டார்.

1949இல் இசை விற்பனைப் பட்டியல் வெளியிடும் பில்போர்ட் இதழ் ரேஸ் என்ற சொல்லைக் கைவிட்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று மாற்றியது. பெயர் மாறியது, பட்டியல் தனியாகவே இருந்தது.

மின்சாரக் கித்தாருக்கு எப்படி மாறியது?

சத்தம்தான் காரணம். 1910களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவர் தெற்கை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போனார்கள். மிசிசிப்பிக்காரர்களை ரயில் சிகாகோவில் இறக்கிவிட்டது. மிசிசிப்பியின் ஸ்டோவல் பண்ணையில் 1941இல் நாட்டுப்பாட்டுச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் பதிவு செய்த கித்தார் பாடகர் மடி வாட்டர்ஸ், 1943இல் சிகாகோ போனார். அங்கே மதுக்கடையின் கூச்சலில் மரக்கித்தார் அவர் காதுக்கே எட்டவில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தாங்குமளவுக்கு மேல் திருகினால் ஒலி பிசிறும். அந்தப் பிசிறை யாரும் குறையாக எண்ணவில்லை. லிட்டில் வால்ட்டர் மலிவான மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்துக் கைக்குள் பொத்தி ஊதி, சாக்ஸஃபோன் போன்ற கனத்தைக் கொண்டுவந்தார். பதிவு செய்து விற்றவர்கள் போலந்திலிருந்து குடியேறிய செஸ் சகோதரர்கள்.

ராக் இங்கிருந்து ஒரு எட்டு தூரம். ஆர்தர் க்ரூடப் 1946இல் பதிவு செய்த ப்ளூஸ் ஒன்றைத்தான் 1954 ஜூலையில் மெம்பிஸில் எல்விஸ் பிரெஸ்லி தன் முதல் வணிகத் தட்டாகப் பாடினார். க்ரூடப்புக்குச் சேர வேண்டிய பணத்தில் பெரும்பகுதி 1974இல் அவர் இறக்கும் வரை வரவில்லை.

தேவாலயத்துக்கும் ப்ளூஸுக்கும் பகையா?

பிரசங்க மேடையில் பகை, இசையில் இல்லை. 1928இல் டாம்பா ரெட்டோடு சேர்ந்து இரட்டை அர்த்தப் பாட்டுப் பாடி ஓஹோ என்று விற்ற ஜார்ஜியா டாமின் முழுப்பெயர் தாமஸ் டார்சி. 1932இல் மனைவியும் பிறந்த குழந்தையும் இறந்தபின் முழுக்க காஸ்பல் என்ற தேவாலய இசைக்குத் திரும்பி, அந்த இசையின் தந்தை என்று பெயர் பெற்றார். அவர் மெட்டுகளில் ப்ளூஸ் பியானோ விரல்கள் அப்படியே இருக்கின்றன. தேவாலயங்கள் சில முதலில் கதவடைத்ததற்கு அதுதான் காரணம்.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

ஸ்லைடு வழியாக உண்டு. ஹவாய் தீவில் ஜோசப் கெகுகு பெயரோடு பேசப்படும் மடியில் கிடத்தி வாசிக்கும் கித்தார், 1915 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவியது. அதே கித்தார் கிழக்கே பயணப்பட்டு, 1940களில் கல்கத்தாவில் தங்கியிருந்த டாவ் மோ போன்ற ஹவாய்க் கலைஞர்கள் வழியாக வடஇந்தியாவில் ஊன்றியது. அந்த மரபில் வந்த விஸ்வ மோகன் பட், அமெரிக்க ஸ்லைடு கலைஞர் ரை கூடருடன் 1993இல் வெளியிட்ட ஆல்பம் கிராமி பெற்றது. இரண்டும் ஒரே கித்தாரின் இரண்டு பயணம் என்று தெரிந்து கேட்டால் அந்தச் சந்திப்பு ஆச்சரியமாக இருக்காது. நம் கோட்டுவாத்தியம் இந்தப் பாதையில் வந்ததல்ல, தனியாக வளர்ந்தது.

1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத்தட்டில் பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927இல் சொற்களின்றி முனகி, ஸ்லைடோடு வாசித்த உருப்படி இருக்கிறது. அதே தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரும் இருக்கிறார்.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது? இலவசமாகக் கிடைக்குமா?

பின்னாலிருந்து முன்னால் போங்கள். முதலில் 1950களின் மடி வாட்டர்ஸ், லிட்டில் வால்ட்டர்: ஒலி தெளிவு, தாளம் பிடிபடும். அடுத்து பெஸ்ஸி ஸ்மித். 1925இல் ஆம்ஸ்ட்ராங் கார்னெட் ஊதிய பதிவில் குரல் விட்ட இடத்தை வாத்தியம் நிரப்புவது பாடப்புத்தகம் போலக் கேட்கும். பிறகு ராபர்ட் ஜான்சன். சார்லி பேட்டனைக் கடைசியாக வையுங்கள். அவரை முதலில் போட்டுவிட்டு, இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை என்று மூடிவைத்தவர்கள் பலர்.

அமெரிக்காவில் 2018இல் வந்த சட்டப்படி, 1923க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 அன்று பொதுவுடைமை ஆயின. அதன்பின் 1946 வரையிலான பதிவுகளுக்கு நூறு வருடக் கணக்கு: 1923இன் பதிவுகள் 2024இல், 1924இன் பதிவுகள் 2025இல் என்று வருடாவருடம் திறக்கும். மேமி ஸ்மித்தின் 1920 பதிவுகள் இப்போதே எல்லோருக்கும் உரியவை. ராபர்ட் ஜான்சனுக்கு இன்னும் காத்திருக்க வேண்டும்.

ஒரே பாட்டு இணையத்தில் பல பிரதிகளாகக் கிடைக்கும். இரைச்சல் சுத்தமாக நீக்கிய பிரதியை எடுக்காதீர்கள். கம்பியில் நகம் படும் ஒலியும் ஊசி உரசும் ஒலியும் ஒரே உயர் அலைவரிசையில் இருப்பதால், ஒன்றை நீக்கினால் மற்றதும் போய்விடும். மிஞ்சுவது கம்பளிக்குள்ளிருந்து பாடும் குரல். கொஞ்சம் கரகரப்புள்ள பிரதியை ஹெட்போனில் போட்டு இரண்டு பாட்டு பொறுத்துக்கொண்டால், மூன்றாவதில் காது தானாகவே இரைச்சலை ஒதுக்கிவிடும்.